இன்னும் நாற்பத்திரண்டு பக்கம்

மூன்றாவது முறையாக அன்புச்செல்வன் பூஜை அறை வாசலில் வந்து நின்றார்.

“என்னங்க, இன்னொரு தடவை கும்பிடணுமா?” என்று அடுப்படியிலிருந்து மனைவி ஜோதி கேட்டாள்.

விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க வந்ததாகச் சொல்லிவைத்தார். எண்ணெய் நிறையவே இருந்தது.

சரஸ்வதி படத்துக்கு முன்னால் வீட்டிலுள்ள புத்தகமெல்லாம் அடுக்கியிருந்தது. பத்தாம் வகுப்புக் கணக்கு, அறிவியல், சமையல் குறிப்பு, பழைய அகராதி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பட்டுத்துணி, சந்தனப் பொட்டு, செவ்வந்திப் பூ. அடியிலிருந்து நாலாவதாக அந்த நாவல்.

நாளைக் காலை விஜயதசமி பூஜை முடியும்வரை எதையும் எடுக்கக் கூடாது, எதையும் படிக்கவும் கூடாது. ஜோதி இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். காலையில் வந்த பேப்பரைக்கூட மடிப்புக் கலையாமல் அடுக்கில் சேர்த்துவிட்டாள்.

நாவல் மகள் தேவதர்ஷினியுடையது.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால், கணக்குப் புத்தகத்துக்குள் மறைத்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தவளிடமிருந்து அவரேதான் பிடுங்கினார். பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு மாயாஜாலக் கதை கேட்கிறதா என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

அன்றிலிருந்து அவள் அவரோடு பேசுவதில்லை. அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு என்று, அவர் பக்கத்தில் நின்றுகொண்டே அம்மாவிடம் சொல்வாள்.

அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கத்தான் மறுநாள் பஸ்ஸில் முதல் பக்கத்தைத் திறந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து கே.கே. நகரில் இருக்கும் ஆபீசுக்குப் போவதற்குள் பத்துப் பக்கம் ஓடியிருந்தது. நிழல் திருட்டுப்போன ஒரு பெண், அதைத் தேடிப் பனிமலைக்குப் போகிறாள். நல்ல கூத்து என்று சிரித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் சிரிக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்தார். மீட்டிங்கில் மேசைக்கு அடியில் வைத்துப் படித்தார். பேங்கில் டோக்கனை வாங்கிக்கொண்டு, தன் எண்ணைக் கூப்பிடாமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டார்.

நேற்று மாலை பஸ் வீட்டுப் பக்கம் வந்து நின்றபோது அந்தப் பெண் கண்ணாடிப் பாலத்தின் நடுவில் நின்றாள். முன்னாலும் படை, பின்னாலும் படை. காலுக்கடியில் பாலம் விரிசல் விட ஆரம்பித்திருந்தது. இன்னும் நாற்பத்திரண்டு பக்கம்தான் பாக்கி.

காலையில் ஜோதி அவருடைய ஆபீஸ் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அடுக்கில் வைத்துவிட்டாள். பிடுங்கியவர் பத்திரப்படுத்தியிருக்கிறார் என்று நினைத்திருப்பாள். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

சுண்டலைக் கிண்ணத்தோடு அப்படியே வைத்துவிட்டார். மொட்டை மாடிக்குப் போனார், ராஜகோபுரத்தைப் பார்த்தார், கீழே வந்தார். வாசல்வரை போய்ச் செருப்பை மாட்டிவிட்டு மறுபடி கழற்றினார். போனில் தேடினால் முடிவு கிடைத்துவிடும். ஆனால் அதுவும் படிப்பதுதானே என்று பயமாக இருந்தது. ஐம்பது வயதில் இது என்ன அவஸ்தை என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

இந்த வீட்டில் பதில் தெரிந்தவள் ஒருத்திதான். ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் முடிக்காமல் கீழே வைக்காத பெண் அவள். தான் பிடுங்கியது அவள் இரண்டாம் தடவை படித்தபோதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

கேட்டால் தானும் படித்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். மானம் போகும். போனால் போகட்டும் என்றும் இருந்தது. இந்தப் பன்னிரண்டு நாளும் ஒவ்வொரு பக்கத்தைத் திருப்பும்போதும் அவளிடம்தான் பேச வேண்டும் போலிருந்தது. வேறு யாரிடம் போய் ஒரு பெண்ணின் நிழலைப் பற்றிப் பேசுவது?

தேவதர்ஷினி மாடிப்படியில் உட்கார்ந்து, செய்ய ஒன்றுமில்லாமல், ஒரு செவ்வந்திப் பூவை இதழ் இதழாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு படி தள்ளிக் கீழே உட்கார்ந்தார்.

“தர்ஷினி... அந்தக் கண்ணாடிப் பாலத்துல மாட்டிக்கிட்டாளே, அவ தப்பிச்சுட்டாளா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கைகொட்டிச் சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தார். சிரித்தால் சிரிக்கட்டும் என்று தயாராகவும் இருந்தார்.

“எந்தப் பாலம்?”

அவருக்குப் புரியவில்லை.

“நான் அவ்வளவு தூரம் வரலைப்பா. நீங்க பிடுங்குறப்ப எழுபதாம் பக்கம்.” அவள் கண் நிறைந்துவிட்டது. “எனக்கு அவ பன்னெண்டு நாளா அந்தக் குகைக்குள்ளயேதான் இருக்கா.”