இரண்டாம் வளைவு

காலை பதினொன்றே கால். புத்தகக் கடையில் பூங்கோதை மூன்று மலையேற்றக் கையேடுகளைப் பிரித்து, மூன்றிலும் ஒரே மலையைத் தேடினாள். அவளும் கணவர் தணிகைவேலும் வருஷம் தவறாமல் ஏறிய மலை. அவருக்கு இதய அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம். மலையேற இப்போதுதான் டாக்டர் சரி என்றிருந்தார். அடுத்து ஏறப்போகும் புது மலைக்கு எந்தப் புத்தகத்தை நம்புவது என்று தெரிந்தாக வேண்டும். இரண்டு புத்தகங்கள் ‘எளிய ஏற்றம்’ என்றன. மூன்றாவது, ‘இரண்டாம் வளைவில் எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள்’ என்றது.

“இதை எழுதினவர்தாங்க நிஜமா ஏறியிருக்கார்,” என்று பக்கத்தில் நின்ற கணவரிடம் காட்டினாள்.

“நான் அங்க உக்காந்ததே இல்லையே.”

“ஷூவுல கல்லுன்னு ஒவ்வொரு தடவையும் உக்காருவீங்களே!”

தணிகைவேல் சிரித்தபடி புத்தகத்தை வாங்கி, புது மலை இருந்த பக்கத்தைப் புரட்டி அவளிடமே நீட்டினார்.

“இதுல எந்த வளைவுல எனக்குக் கல்லு குத்தும்னு பாரு.”