இந்த வருஷச் சேவல்

குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, மூன்று துண்டுச் சீட்டிலும் ஒரே ஆளின் பெயரை எழுதினார் தபால் எழுத்தர். மாட்டிக்கொண்டால் வீட்டில் மானம் போகும். எழுதாவிட்டால் சாயங்காலம் நாலு மணிக்கு ஊர் முழுக்கப் போகும்.

"உள்ள என்னங்க பண்றீங்க? பசங்க காத்துக்கிட்டு இருக்காங்க," என்று மனைவி கதவைத் தட்டினாள்.

"வந்துட்டேன், வந்துட்டேன்."

விடுமுறையின் முதல் நாளில் அந்த வீட்டில் ஒரு வழக்கம். அன்றைக்கு வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரின் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்குவார்கள். யார் பெயர் வருகிறதோ, அவரைப் பிள்ளைகள் இருவரும் காகிதமும் பசையும் வண்ணமுமாகச் சேர்ந்து ஒரு பிராணி ஆக்கிவிடுவார்கள். இருட்டும்வரை வேஷத்தைக் கலைக்கக் கூடாது. வாசல் மணி அடித்தால் அந்தப் பிராணிதான் போய்க் கதவைத் திறந்து, அதன் குரலில் வரவேற்கவும் வேண்டும்.

போன வருஷம் யானை. மாட்டியவர் இவர்தான். பால் வாங்கப் போன இடத்தில் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் பார்த்துத் தொலைக்க, இன்றுவரை ஆபீசில் இவருக்குப் பெயர் தும்பிக்கை சார்.

இந்த வருஷம் அதைவிட மோசம். நாலு மணிக்கு மேலதிகாரி அம்மாள் வீட்டுக்கு வருகிறார். புதுக் கிளைக்கு யாரைத் தலைவராகப் போடுவது என்பது அவர் கையில் இருக்கிறது. "போற வழியில ஒரு பத்து நிமிஷம் உங்ககிட்ட பேசணும்," என்று நேற்றுத்தான் சொல்லியிருந்தார்.

ஆகவே மூன்று சீட்டிலும் 'மாமா'. பிள்ளைகளுக்கு மாமா, இவருக்கு மச்சினன். வேன் ஓட்டுகிறவன், அக்கா வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டுப் போக வந்திருக்கிறான். சேவலானாலும் கழுதையானாலும் அவனுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

கூடத்தில் பழைய செய்தித்தாள்களை விரித்து, ஐந்து வயதுச் சின்னவன் முழங்கைவரை பசையோடு உட்கார்ந்திருந்தான். "இந்தத் தடவ சேவல்," என்று அறிவித்தான். அட்டையில் கொண்டை தயாராக இருந்தது.

சீட்டுகளை டப்பாவில் போட்டுக் குலுக்கினார். இரண்டாம் வகுப்பு படிக்கும் பெரியவள் கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டே எழுத்து, இதைப் படிக்க இவ்வளவு நேரமா என்று நினைத்துக்கொண்டே மச்சினனைப் பார்த்துச் சிரிக்கத் தயாரானார்.

"அப்பா," என்றாள்.

"இல்லையே" என்று வாய்வரை வந்துவிட்டது. எப்படி இல்லை என்று கேட்டால் என்ன சொல்வது? மென்று விழுங்கினார். அதற்குள் பெரியவள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு, திரும்பி உட்கார்ந்து, மூன்று சீட்டையும் கிழித்துப் பசைக் கிண்ணத்தில் பிசைந்துவிட்டாள். அலகு செய்யக் காகிதக் கூழ் வேண்டுமாம்.

மச்சினன்தான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தான். சமையலறையில் அவனை மடக்கினார்.

"சீட்ட மாத்தினியா நீ?"

"எந்தச் சீட்ட அத்தான்? நீங்கதானே எழுதினீங்க, நீங்கதானே குலுக்கினீங்க?"

அதற்குமேல் அவரால் என்ன கேட்க முடியும்?

மூன்று மணிக்கெல்லாம் கொண்டை ஏறியது. மூக்கில் அலகு, பின்னால் வண்ணக் காகித வால், காலில் அட்டை நகம். நாலு அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது வாசல் மணி அடித்தது. தூக்குமேடைக்குப் போகிறவரைப் போல நடந்து போய்க் கதவைத் திறந்தார்.

மேலதிகாரி அம்மாள் கொண்டையிலிருந்து நகம்வரை ஒருமுறை பார்த்தார். "வீடு மாறி வந்துட்டேனா?"

"அப்பா, கூவணும்," என்று பின்னாலிருந்து சின்னவன் வாலை இழுத்தான்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு கூவினார். தெருவில் போன சைக்கிள் ஒன்று நின்று போனது.

அம்மாள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கினார். "கழுத்த உள்ள இழுத்துக்கிட்டா எப்படிச் சத்தம் வரும்? நீட்டிக் கூவுங்க." நீட்டிக் கூவினார். "ம், இப்ப பரவாயில்ல," என்றபடி உள்ளே வந்தவர், பத்து நிமிஷத்துக்குப் பதிலாக ஒரு மணி நேரம் இருந்தார். சின்னவனுக்குக் காகிதத்தில் ஒரு கோழிக்குஞ்சு மடித்துக்கூடக் கொடுத்தார்.

கிளம்பும்போது சொன்னார்: "புதுக் கிளையில கவுன்ட்டர் முன்னாடி எப்பவும் சத்தம்தான். யார் என்ன பண்ணினாலும் பொறுமையா நிக்கிற ஆளா தேடிக்கிட்டு இருந்தேன். திங்கக்கிழமை ஆர்டர் வந்துடும்."

அவர் தலை மறைந்ததும் மனைவி கையைத் தட்டினாள். மச்சினன் அத்தானைக் கட்டிப்பிடித்ததில் வால் கசங்கியது.

இருட்டியது. பெரியவள் ஸ்டூலில் ஏறி நின்று அலகைப் பதமாகக் கழற்றினாள். எழுத்தருக்கு உலகத்தில் யார்மீதும் கோபமில்லை.

"நல்ல வேளைடா கண்ணு, என் பேரு வந்துச்சு."

"உங்க பேரு எங்கப்பா வந்துச்சு?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "மூணுலயும் மாமான்னுதான் எழுதியிருந்துச்சு."

அவர் சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல," என்றாள் பெரியவள், அவர் முதுகை உள்ளங்கையால் அளந்தபடி. "நாளைக்கு நீங்க ஒட்டகம்."