தேங்காய் பன்னுக்கு ஒரு நடை

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இனிப்பு அனுப்பக் கூடாது என்ற சட்டம் நேற்றோடு ரத்தானது. பிள்ளையும் பெற்றவரும் சேர்ந்து நடந்து வந்தால்தான் பேக்கரிக் கதவு திறக்கும் என்ற தொல்லையும் ஒழிந்தது. இனிமேல் பிள்ளையின் உடம்பு பெற்றவர் பொறுப்பு.

சிங்காநல்லூர் தனபாலன் சோபாவில் சாய்ந்தபடியே தேங்காய் பன்னுக்குச் சொன்னார். தினமும் சாயங்காலம் மகளோடு பேக்கரிக்கு நடந்த கால்களுக்கு இன்று விடுமுறை. ட்ரோன் பால்கனியில் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனது.

மகள் மதுவந்தி அதைப் பிரிக்கவே இல்லை.

"ஏன் கண்ணு, திங்கலையா?"

"ஷெரினுக்கும் எனக்கும் சண்டைன்னு நேத்து சொன்னேனில்லப்பா? இன்னைக்கு என்னாச்சுன்னு சொல்லோணும்."

"சொல்லு."

"இங்கியா? நீங்க டிவியத்தான் பாப்பீங்க."

தனபாலன் டிவியை அணைத்தார். எழுந்து செருப்பைத் தேடினார்.

"அந்தப் பொட்டலத்தை எடுத்துக்க."

இருவரையும் வாசலில் கண்டதும் பேக்கரிக்காரர் பதறிப்போனார். "ஏனுங்க, பன்னு வீட்டுக்கு வரலீங்களா?"

"வந்துருச்சுங்க," என்று பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார் தனபாலன். "இங்க வந்து திங்கலாம்னுதான் நடந்தோம். ஷெரின் கதை இன்னும் முடியலீங்க, இன்னொரு சுத்து போயிட்டு வந்தர்றோம்."