தகர மூடி

"ரோசலீன் எங்க? லண்டன் மகராசிக்குத் துக்கம் காக்குறாளா?" என்று மலாக்கி கேட்டதும் தெருவே சிரித்தது.

பிரிட்டனின் முன்னாள் பிரதமர் தாட்சர் இறந்துவிட்ட செய்தியை வானொலி மதியம்தான் சொல்லியிருந்தது. மாலைக்குள் மேற்கு பெல்ஃபாஸ்டில் எங்கள் தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. இந்த நாளுக்கென்றே பூட்டி வைத்திருந்த விஸ்கியை மலாக்கி கண்ணில் பட்ட கோப்பையில் எல்லாம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"செத்தவங்க விஷயத்துல இப்படிக் கொண்டாடுறது நல்லா இல்லை," என்றாள் புதிதாகக் குடிவந்த ஓர் இளம்பெண். "ஒரு கிழவி வயசாகிச் செத்துருக்கா. அவ்வளவுதானே?"

"வயசாகிச் சாகுறதுக்கு நம்ம பிள்ளைங்களுக்குக் குடுத்து வைக்கலையே, கண்ணு," என்றார் மலாக்கி.

"ரோசலீனை விடுங்க," என்றாள் மூலைவீட்டு டிம்ப்னா. "காய்ச்சல். இப்பதான் சூப்பு குடுத்துப் படுக்க வச்சிட்டு வர்றேன். காது மிஷினைக் கழட்டி முட்டைக் கிண்ணத்துல போட்டுட்டுத் தூங்குறா. இனி இடி விழுந்தாத்தான் எந்திரிப்பா."

டிம்ப்னாவும் ரோசலீனும் ஒட்டுச்சுவர் வீட்டுக்காரர்கள். ஒரே தறி ஆலையில் வேலை பார்த்து, ஒரே வருடத்தில் ஆளுக்கொரு பையனைப் பெற்றவர்கள்.

எண்பத்தொன்றாம் வருடக் கோடையில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துச் சிறைக்குப் போன எங்கள் பையன்கள் உள்ளே உண்ணாவிரதம் இருந்து ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள். லண்டனில் தாட்சர் கொஞ்சமும் இறங்கி வரவில்லை. ஒவ்வொரு சாவுக்கும் எங்கள் பெண்கள் குப்பைத்தொட்டியின் தகர மூடியை எடுத்து நடைபாதைக் கல்லில் ஓங்கி அடித்தார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்கள் வரும்போது எச்சரிக்கையும் அந்தச் சத்தம்தான்.

ரோசலீனின் மகன் ஃபெர்கலைச் சிப்பாய்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஓர் இரவு மட்டும் அம்மா வீட்டில் தூங்க வந்தான். தெருமுனையைப் பார்த்திருந்து மூடியை அடிப்பது டிம்ப்னாவின் பொறுப்பு. மகனை எழுப்பிப் பின்சுவர் ஏற்றிவிடுவது ரோசலீனின் பொறுப்பு; காது மிஷின் எல்லாம் ரொம்ப வருடம் கழித்து வந்தது. அந்த முனையில் மற்ற வீடுகளெல்லாம் எரிந்து, செங்கல் வைத்து அடைக்கப்பட்டுக் கிடந்தன. கேட்பதற்கு வேறு காது இல்லை.

ரோசலீன் கண் விழித்தது தன் வீட்டுக் கதவு உடைகிற சத்தத்தில்தான். ஃபெர்கல் பின்சுவரில் ஒரு காலைத் தூக்கிப் போட்டபோது சுட்டுவிட்டார்கள்.

"மூணு தடவை அடிச்சேன் ரோசலீன். அதுக்குள்ள ஒருத்தன் வந்து பிடுங்கிட்டான்," என்று சவப்பெட்டியைக் கட்டிக்கொண்டு டிம்ப்னா அழுதாள்.

ரோசலீன் நம்பினாள். சிறைப் பையன்களுக்காகத் தெருமுனையில் பல இரவுகள் முழங்காலில் நின்று ஜெபமாலை சொன்ன உடம்பு, அன்றைக்கு அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்குப்பிறகு அவள் மெத்தையில் படுத்ததில்லை. சமையலறை நாற்காலியில்தான் தூங்கினாள். முதுகு வளைந்த பிறகு, மகள் வந்து சண்டை போட்டுத்தான் கட்டிலில் ஏற்றினாள்.

அதே வாரம், போலீஸ் பிடித்து வைத்திருந்த டிம்ப்னாவின் மகன் டெக்லன் வழக்கு எதுவும் இல்லாமல் வீடு திரும்பினான். அத்தனை துக்கத்திலும் தெருவுக்கு அது ஓர் ஆறுதல். அவனுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தவளே ரோசலீன்தான்.

ஒவ்வொரு நினைவுப் பூசையிலும் டிம்ப்னா அவள் கையைப் பிடித்துக்கொள்வாள். "உன்னையே நீ தின்னுக்காத. உன் பிள்ளையைக் கொன்னது உன் தூக்கம் இல்லை. லண்டன்ல இருக்காளே, அவ."

"என்னய்யா இது, சாவுவீடு மாதிரி! சத்தம் வேணாமா?" என்று மலாக்கி கத்தினார். இப்போது எல்லார் வீட்டிலும் சக்கரம் வைத்த பிளாஸ்டிக் தொட்டி. ஒருவன் அதன் மூடியைத் தட்டிப் பார்த்தான். "இதுக்குப் பூனைகூடத் திரும்பாது!" என்று சிரிப்பு எழுந்தது.

டிம்ப்னா உள்ளே போய்த் தன் பழைய தகர மூடியை எடுத்து வந்தாள். "அதே மூடி. தூக்கிப்போட மனசே வரலை," என்றாள். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. மூலைக்கல்லருகே முழங்காலிட்டு, இரண்டு கையாலும் மூடியைத் தூக்கி அடித்தாள். மூன்றாவது அடியில் மூச்சு வாங்கி நிறுத்திவிட்டாள்.

யாரும் கைதட்டுவதற்குள் ரோசலீனின் கதவு படாரென்று திறந்தது. இரவு உடையில், வெறுங்காலில், தலை கலைந்து நின்றாள்.

"பாரு, மோப்பம் பிடிச்சு வந்துட்டா! ஒரு கோப்பை குடுங்கப்பா!" என்றார் மலாக்கி. அவள் அவர் பக்கம் திரும்பவேயில்லை. நேராக டிம்ப்னாவிடம் போனாள்.

"அன்னைக்கும் இப்படித்தான் அடிச்சியா?"

டிம்ப்னா பெருமையாகத் தலையாட்டினாள். அவளுக்குப் புரியட்டும் என்று மூடியைத் தொட்டுக் காட்டினாள், கல்லைத் தொட்டுக் காட்டினாள், மூன்று விரலை உயர்த்தினாள். "இதே மாதிரிதான்! இதே கல்லுல!" என்று முகத்துக்கு நேராகக் கத்தினாள்.

ரோசலீன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காதை மூடியிருந்த நரைமுடியை மெதுவாக ஒதுக்கினாள்.

"இன்னைக்கு மிஷின் இல்லாமலே கேட்டுச்சு, டிம்ப்னா."