நாற்காலித் துண்டு

பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாளே பூங்கோதைக்கு முதுகு நனைந்தது. சாய்மானத்தில் கிடந்த துண்டில் கண்மாய்ச் சேற்று வாடை. போன மழையில் மடை திறக்க ஓடியபோது பழைய தலைவர் வெள்ளைத்துரை விட்டுப்போன துண்டு அது. அவரை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. துண்டை எடுத்துப்போட யாருக்கும் துணிவில்லை. பூங்கோதை தினமும் பிழிந்து உலர்த்தினாள். விடிந்தால் மறுபடி ஈரம்.

“கரையப் பாத்துட்டு வர்றாரும்மா,” என்றாள் அலுவலகம் கூட்டும் மாரியாயி. “அவர நம்பித்தான ஊரு இன்னும் தூங்குது.”

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலையில், கண்மாய் தளும்புவதாக ஆள் வந்து சொன்னான். பூங்கோதை திரும்பித் துண்டைத் தொட்டாள். மொடமொடவென்று காய்ந்திருந்தது.

“யாரையாச்சும் அனுப்பலாம்மா,” என்றாள் மாரியாயி.

பூங்கோதை துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கினாள்.