ஏழு சாம்பல் அடுக்குகள்

தடதடவென்று கூடாரத்தையே பிய்த்தெறிவதுபோல் ஹெலிகாப்டர் வந்து இறங்கியது. தீவின் எரிமலைச் சரிவில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த புவியியலாளர் செல்லக்கனி நிமிர்ந்தாள்.

நிறுவன இயக்குநர் அருளப்பன் சான்றிதழை நீட்டினார். “மலை செத்துப்போச்சுன்னு கணினியே சொல்லிடுச்சு. முந்நூறு குடும்பம் குடியேறக் காத்திருக்கு. போடும்மா கையெழுத்தை!”

“மலை வேற சொல்லுது, சார்.” பள்ளத்தின் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்த சாம்பல் அடுக்குகளைத் தொட்டுக் காட்டினாள். “ஏழு தடவை வெடிச்சிருக்கு. எந்த இடைவெளியும் இருநூறு வருஷத்தைத் தாண்டல. கடைசியா வெடிச்சு நூத்தித் தொண்ணூத்தெட்டு வருஷமாச்சு.”

பாதுகாப்புச் சான்றில் கையெழுத்திடுபவர் பத்தாண்டுகள் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும் என்பது சட்டம். அருளப்பன் அதைப் பிடித்துக்கொண்டார்.

“புருஷன் பிள்ளையோட இங்க வரணுமேன்னு பயம். அதுக்கு மண்ணைக் காட்டி ஜோசியம் சொல்ற!”

“நிஜமாவே செத்த மலைன்னா நாளைக்கே பெட்டியோட வந்துடுவேன். பொய்க்குக் கையெழுத்துப் போட மாட்டேன். வேணும்னா வேலையை விட்டுத் தூக்கிடுங்க.”

“போடலேன்னா போ! கையெழுத்துப் போட எனக்கும் அதிகாரம் இருக்கு.”

செல்லக்கனி தன் பேனாவையே எடுத்து அவர் கையில் திணித்தாள். “போடுங்க சார். முதல் வீடு உங்களுக்குத்தான். குடும்பத்துல ஒருத்தர் விடாமக் கூட்டிட்டு வாங்க.”

காகிதத்தின்மேல் பேனா அப்படியே நின்றது.

“என்னம்மா பேசுற நீ? என் பேத்திக்கு ரெண்டு வயசுதான் ஆகுது!”