வெயில் தாழவில்லை

பகலில் வீட்டுக் கதவுகள் திறப்பது ஒரு செயற்கைக்கோளின் கையில் இருந்தது. அதிலுள்ள கருவி சூரியனின் புற ஊதாக் கதிரை அளந்து சொல்லும். அளவு கோட்டுக்குக் கீழே இறங்கிப் பத்து நிமிடம் நின்றால்தான் கதவுகள் திறக்கும். இறங்காத வெயிலில் நின்றால் தோல் கொப்பளித்துவிடும். ஷெரின் பிறந்த பிறகு ஒருமுறைகூட அது இறங்கியதில்லை. அவளுக்குத் தெரிந்த தெரு முழுக்க இரவுத் தெருதான்.

அன்று காலை எண் கோட்டைத் தாண்டிக் கீழே வந்தது. வீட்டுத் திரையில் அதைப் பார்த்தவள், செயற்கைக்கோளின் தூத்துக்குடி நிலையத்தில் வேலையிலிருந்த அம்மா ஜெபராணியை அழைத்தாள்.

"யம்மா, வெயில் தாழ்ந்துட்டு. நான் செருப்பெல்லாம் போட்டுட்டேன்."

ஜெபராணி தன் திரையில் அதே எண்ணைப் பார்த்தாள். ஓயாமல் சூரியனையே பார்ப்பதால் அந்தக் கருவியின் கண் நாளாக நாளாக மங்கிவிடும். வெயில் குறைந்ததாக அது நினைத்துக்கொள்ளும். மங்கிய அளவுக்குக் கூட்டித் திருத்துவதுதான் அவள் வேலை. இன்றைய திருத்தம் இன்னும் பாக்கி. கொஞ்ச நேரம் தள்ளிப்போட்டால் என்ன என்று தோன்றியது. பிறகு திருத்தும் விசையை அழுத்தினாள். எண் மீண்டும் கோட்டுக்கு மேலே ஏறியது.

"கதவு தொறக்கலயேம்மா."

"வெயில் தாழலட்டி. அதப் பாக்குற கண்ணுதான் மங்கிட்டு."

மறுமுனையில் கதவோரம் ஏதோ உரசும் சத்தம் கேட்டது.

"ஏட்டி, அழுவுதியா?"

"இல்லம்மா. கதவுல கன்னத்த வச்சிருக்கேன். வெதுவெதுன்னு இருக்கு. இதுதான் வெயிலா?"

"அதேதான்," என்றாள் ஜெபராணி. "அடுத்த கன்னத்தயும் வைட்டி."